பழைய முகவரிக்காரர்கள்

தன்னைவிட இளையவரான ஹபீபாவிடம் போய், "எனக்குக் கத்துக்கொடுங்க டீச்சர்" என்று குழந்தைவேலு கேட்டபோது அவர் சிரித்துவிட்டார்.

"காலமெல்லாம் கோயம்புத்தூர்ல கம்ப்யூட்டர் சர்வர் ஓட்டினவர் நீங்க. நான் என்ன சார் கத்துக்கொடுக்கிறது?"

"ஓட்டத் தெரியுங்க. ஆனா நான் ஓட்டினதெல்லாம் என் கண்ணு முன்னாடி இருந்த மெஷினுங்க. நீங்க கட்டித் தர்றதை யாரோ எங்கியோ போட்டுக்கறாங்க. அது பாட்டுக்கு ஓடுது. அது எப்படின்னு எனக்குத் தெரியலீங்க."

ஹபீபா மூலையில் கிடந்த நாற்காலியைத் துடைத்துத் தன் மேசைக்கு அருகே இழுத்துப் போட்டார். அன்றிலிருந்து குழந்தைவேலு சீடர்.

மஞ்சக்கொம்பை தேயிலை மலை. சோலைக்காட்டிலிருந்து யானைகள் இறங்கி, தேயிலைக்குள் புகுந்து, தார்ச்சாலையைக் கடந்து அடுத்த காட்டுக்குப் போகும். மனிதர்களும் அதே சாலையில்தான் நடந்தாக வேண்டும். யானை எங்கே நிற்கிறது என்று காவலர்கள் சொன்னால் அதை ஊருக்கெல்லாம் தெரிவிக்க ஒரு மென்பொருள் இருந்தது. வழிமணி என்று பெயர். செய்தி வந்ததும் போன்களுக்கு அனுப்பும். பேருந்து நிறுத்தங்களில் கம்பத்தின் மேல் இருக்கும் சிவப்பு விளக்கை எரியவிடும். விளக்கு எரிந்தால் நடக்கக் கூடாது. நின்றுகொள்ள வேண்டும்.

வழிமணியை எழுதியவர்கள் பல ஊர்க்காரர்கள். எவரும் கூலி வாங்கவில்லை. அதை யார் வேண்டுமானாலும் தங்கள் சர்வரில் ஒரே கட்டளையில் போட்டுக்கொள்ளும்படி பேக்கேஜாகக் கட்டித் தருவது ஹபீபாவின் வேலை. அதற்கும் கூலி இல்லை. ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தவர் என்பதால் மலை முழுவதும் அவரை டீச்சர் என்றே அழைத்தது. தேயிலை விவசாயிகள் சங்கத்து மாடியில் ஓர் அறை கொடுத்திருந்தார்கள். மழை பெய்தால் அங்கே பேசுவது கேட்காது, தகரக்கூரை.

குழந்தைவேலு வேலையைச் சீக்கிரம் பிடித்துக்கொண்டார். ஒன்று மட்டும் அவருக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

இணையத்தில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரி உண்டு. முதலில் உண்டாக்கிய முகவரிகள் சின்னவை. உலகம் பெருகியதும் அவை போதவில்லை. அதனால் நீளமான புது முகவரிகளை உண்டாக்கினார்கள். சங்கடம் என்னவென்றால், பழைய முகவரி மட்டும் தெரிந்த கருவியும் புது முகவரி மட்டும் தெரிந்த கருவியும் ஒன்றோடொன்று நேரடியாகப் பேசிக்கொள்ள முடியாது. ஆகவே வழிமணி இரண்டு வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பழையவர்களுக்கு ஒன்று, புதியவர்களுக்கு ஒன்று. எதை எழுதினாலும் இரண்டு முறை எழுத வேண்டும். எதைச் சோதித்தாலும் இரண்டு முறை சோதிக்க வேண்டும்.

ஒரு நாள் குழந்தைவேலு கேட்டார்.

"எத்தனை நாளைக்குங்க டீச்சர் இந்தப் பழசையும் சேத்துச் சுமக்கறது?"

ஹபீபா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"பழைய வாசல்ல யாரெல்லாம் வர்றாங்க, பார்த்தீங்களா?"

"பார்த்தேனுங்க. ரொம்பக் கொறச்சல்."

"கொறச்சல்னா, யாரு?"

"யாருன்னு தெரியாதுங்க. எண்ணிக்கைதான் தெரியும்."

ஹபீபா தலையை ஆட்டிவிட்டு விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்ந்தார்.

ஆடி மாதத்தில் ஹபீபாவின் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். கோழிக்கோடு போக வேண்டியிருந்தது. அறைச் சாவியைக் குழந்தைவேலுவிடம் கொடுத்தார்.

"அவசரமா எதாவது சரிபண்ண வேண்டி வந்தா, எனக்காகக் காத்திருக்காதீங்க சார். நீங்களே வெளியிடுங்க."

சொல்லி வைத்தாற்போல் அவசரம் வந்தது. வழிமணியில் ஒரு பாதுகாப்புக் குறை. உடனே அடைக்க வேண்டும். குழந்தைவேலு அடைத்தார், நன்றாகவே அடைத்தார். அந்தச் சூட்டோடு சூடாக, பழைய வாசலையும் மூடினார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. வீடு கூட்டும்போது உதவாத சாமானைத் தூக்கி வெளியே வைப்போமே, அப்படித்தான். தன் போனில் பார்த்தார், மனைவி போனில் பார்த்தார், சங்கத்துக் கம்ப்யூட்டரில் பார்த்தார். எல்லாம் புது முகவரி லைன். எல்லாம் வேலை செய்தது. வெளியிட்டுவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டார்.

ஊர் ஊராக சர்வர்கள் புதுப் பதிப்பைத் தாமாகவே எடுத்துப் போட்டுக்கொண்டன.

மறுநாள் பின்மதியம் மனைவி சுலோச்சனா கூப்பிட்டார். மலை ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

"ஏனுங்க, கீழ்ப்பாடியில ஆனை குட்டியோட ரோட்டுக்கு வந்திருச்சாம். கொழுந்து நிறுத்துப் போட்டுட்டு வந்த பொம்பளைங்க நேரா முன்னால போயிட்டாங்களாம்."

"விளக்கு?"

"எரியலையாம். பஸ்ஸுக்காரரு ஹாரனை அமுக்கிப் பிடிச்சுட்டே வண்டியைக் குறுக்க கொண்டுவந்து நிறுத்தினாராம். அதனால பொழச்சாங்க. ஓடினதுல ஒரு அம்மாவுக்குக் கை ஒடிஞ்சிருச்சு. இங்கதான் கட்டுப் போட்டிருக்குது."

குழந்தைவேலுவுக்கு மேலே ஒன்றும் கேட்க வேண்டியிருக்கவில்லை. கீழ்ப்பாடி விளக்குகள்தான் இந்த மலையில் முதன்முதலாக வைத்தவை. அவற்றுக்குப் பழைய முகவரி மட்டுமே தெரியும். குறைச்சல் என்று அவர் சொன்னாரே, அதில் அவையும் அடக்கம்.

பழைய வாசலைத் திரும்பத் திறந்து உடனே வெளியிட்டார். அவசரத்தில் ஒரே வரியைப் பலமுறை அடித்து அடித்து எழுத வேண்டியிருந்தது. பிறகு கீழ்ப்பாடிக்குப் போன் போட்டு, விளக்கு எரிகிறதா என்று சோதித்துப் பார்க்கச் சொன்னார். எரிந்தது. அவருக்குத்தான் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

ஹபீபா திரும்பி வந்ததும் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். திட்டு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"அந்தம்மாவுக்குக் கை எப்படி இருக்கு?" என்று கேட்டார் ஹபீபா.

"கட்டுப் போட்டிருக்குதுங்க."

"பார்த்தீங்களா?"

"சுலோச்சனா சொன்னாளுங்க."

"போய்ப் பார்த்துட்டு வாங்க சார். அப்புறம் வேலையைப் பார்ப்போம்."

கை ஒடிந்த பெண்ணின் பெயர் பவளக்கொடி. எஸ்டேட் லைன் வீட்டில் வாசற்படியில் உட்கார்ந்து, இடது கையால் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். வலது கை மாவுக்கட்டோடு மடியில் கிடந்தது. குழந்தைவேலு வாங்கிவந்த பழத்தைப் படியில் வைத்துவிட்டு நின்றபடியே சொன்னார்.

"அம்மா, அன்னைக்கு விளக்கு எரியாமப் போனதுக்கு நான்தானுங்க காரணம்."

பவளக்கொடிக்கு விளங்கவில்லை. "எந்த வெளக்கு? பஸ் ஸ்டாப்பு செவப்பு வெளக்கா?"

"ஆமாங்க."

"அத எரிய வைக்க ஆள் இருக்கா? அது தானா எரியுதுன்னுல்ல இம்புட்டு நாளும் நெனச்சுக்கிட்டு இருந்தேன்!"

கீரையைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார்.

"போன தை மாசம் எம் மவ கைப்புள்ளையோட வந்து எறங்குனா சார். பனி. முன்னால நிக்கிற ஆளு தெரியாது. வெளக்கு செவப்பா எரியுதேன்னு அப்பிடியே நின்னுட்டா. அந்த வளைவுலதான் ஒத்த ஆனை நின்னுருக்கு. வெளக்கு இல்லேன்னா நேரா அதோட கால்லயே போயி முட்டியிருப்பா. யாருக்கு நன்றி சொல்றதுன்னு தெரியாம மாரியம்மன் கோயில்ல தேங்கா ஒடச்சேன். ஆளு இங்கனதான் இருக்கீகளா?"

இடது கையால் அவருடைய கையைப் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

குழந்தைவேலு பதறிப்போனார். "அய்யோ, நான் இல்லீங்கம்மா. அதைச் செஞ்சதெல்லாம் டீச்சரும் மத்தவங்களும். நான் அணைச்சவன்."

"அணைச்சவரு மறுபடி ஏத்தியாச்சுல்ல? நேத்து எரிஞ்சுச்சே, பாத்தேன்." கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நடந்தார். "ஒக்காருங்க சார். தேத்தண்ணி குடிக்காமப் போகக் கூடாது."

ஒரு கையாலேயே அடுப்பைப் பற்றவைத்து, ஒரு கையாலேயே ஆற்றிக் கொடுத்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் குழந்தைவேலு தாங்கியிருப்பார். திரும்பி வரும் வழியில், நிறுத்தத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, அந்த விளக்குக் கம்பத்தைத் தொட்டுவிட்டு வந்தார்.

"நன்றி சொன்னாங்க டீச்சர்" என்றார் ஹபீபாவிடம்.

"ம்."

"எனக்குச் சேர வேண்டிய நன்றி இல்லீங்களே அது."

"அப்ப பத்திரமா வெச்சுக்கங்க. சேர வேண்டிய நாள் வந்ததும் எடுத்துக்கலாம்."

குழந்தைவேலு வேலையில் இறங்கினார். இரண்டு வாசலையும் தன் கையாலேயே முதலிலிருந்து எழுதினார். எதையும் இரண்டு முறை எழுதச் சலிக்கவில்லை. இரண்டு முறை சோதிக்கச் சலிக்கவில்லை. கடைசியில் ஒரு நிபந்தனையும் சேர்த்தார். வழிமணி கிளம்பும்போது அந்த சர்வருக்கு இரண்டு முகவரியும் இருக்கிறதா என்று பார்க்கும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் கிளம்பாது. இனி ஒரு வாசல் மூடிக் கிடந்து, அது யாருக்கும் தெரியாமல் போகவே கூடாது.

ஹபீபா எல்லாவற்றையும் நிதானமாகப் படித்தார்.

"கரடிமேட்டுக்கு வழிமணி கேட்டிருக்காங்க. இன்னும் இதை வெளியிட வேண்டாம். முதல்ல அங்க போட்டுப் பார்ப்போம். வாங்க, நீங்களே உங்க கையால போடுங்க."

கரடிமேடு மலையின் அடுத்த சரிவு. இருந்தது ஒரு பள்ளிக்கூடம், கொஞ்சம் வீடுகள், புதிதாக நட்ட ஒரு டவர். பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர்தான் சர்வர். பள்ளி வாசலில் புத்தம்புது விளக்குகளைப் பொருத்தி வைத்திருந்தார்கள். குழந்தைவேலு பேக்கேஜைப் போட்டார். வழிமணி கிளம்பி, உடனே நின்றது.

'பழைய முகவரி இல்லை. நிறுத்தப்படுகிறது.'

மறுபடி கிளப்பினார். மறுபடி நின்றது. லைனைச் சோதித்தார். புது டவர் புது முகவரி மட்டுமே கொடுத்தது. பழைய முகவரி என்று ஒன்று அந்த மேட்டுக்கு வந்ததே இல்லை. அதைக் கேட்கும் பழைய கருவியும் அங்கே இல்லை.

அந்த நேரம் பார்த்து யானைக் காவலர் கேத்தன் மூச்சிரைக்க வந்தார்.

"டீச்சர், கூட்டமா எறங்குது. ஓடைக்கு மேல நிக்குது. பள்ளிக்கூடம் விடுற நேரமாச்சு. எல்லாருக்கும் சொல்லுங்க."

தலைமையாசிரியர் பிள்ளைகளை வகுப்பிலேயே நிறுத்த ஓடினார். ஆனால் கொழுந்து பறிக்கிறவர்கள் ஓடைக்கரையில் இருந்தார்கள். கத்தினால் கேட்கும் தூரம் இல்லை. குழந்தைவேலு ஹபீபாவைப் பார்த்தார். ஹபீபா கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

குழந்தைவேலு தான் ஆசையாக எழுதிய நிபந்தனையைத் தேடிப் பிடித்து, அப்படியே அழித்தார். வழிமணி கிளம்பியது. புது வாசல் மட்டும் திறந்தது. கேத்தன் தன் போனில் இடத்தைச் சொன்னார். விளக்குகள் சிவந்தன. ஓடைக்கரையில் போன்கள் ஒலித்தன. கொஞ்ச நேரத்தில் பெண்கள் மேட்டுப் பாதை வழியாக, இடுப்புத் துணியை இழுத்துக் கட்டியபடி, ஒருவர் பின் ஒருவராக ஏறி வருவது தெரிந்தது. கேத்தன் அவர்களை எண்ணிப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்கிக் காட்டினார். எல்லோரும் வந்தாயிற்று.

யானைகள் ஓடையைக் கடக்கட்டும் என்று பள்ளி வராந்தாவில் எல்லோரும் காத்திருந்தார்கள். உள்ளே பிள்ளைகள் வாய்ப்பாடு கத்திக்கொண்டிருந்தார்கள். பெண்களில் ஒருத்தி குழந்தைவேலுவுக்குத் தன் தூக்குவாளியிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு ஹபீபாவின் பக்கத்தில் போய் நின்றார்.

"ஒரு வாசல் மூடியிருக்கறது தெரியாமயே போயிடுமோன்னு பயந்துதானுங்க அப்படி எழுதினேன். தப்புங்களா டீச்சர்?"

"எனக்கு இடது காது கேக்காது சார்" என்றார் ஹபீபா.

குழந்தைவேலு திகைத்துப்போனார்.

"சின்னப் பிள்ளையில ஜுரம் வந்து போயிடுச்சு. சுத்தமா கேக்காது."

"இத்தனை மாசமா பக்கத்துலதானுங்க உக்காந்திருக்கேன். எனக்குத் தெரியவே இல்லீங்களே."

"முதல் நாள் நாற்காலியை எந்தப் பக்கம் போட்டேன்?"

அவர் யோசித்தார். "வலது பக்கமுங்க."

"யாராவது இடது பக்கம் வந்தா, இந்தப் பக்கம் வாங்கன்னு சொல்லிடுவேன். மறைக்கிறதில்ல." ஹபீபா கீழே ஓடையைப் பார்த்தபடி சொன்னார். "ரெண்டு காதும் கேட்டாத்தான் பேசுவேன்னு நான் இருந்திருந்தா, சார்?"

கடைசி யானை கடந்து, விளக்கு அணையும்வரை குழந்தைவேலு அங்கேயே நின்றார்.

மறுநாள் அந்த நிபந்தனையை மாற்றி எழுதினார். இரண்டு வாசலையும் திறக்கப் பார். ஒன்று திறக்காவிட்டால், திறக்கவில்லை என்று நடத்துகிறவருக்குத் தெரியும்படி சொல். சொல்லிவிட்டு, இருக்கிற வாசலில் உட்கார். ஹபீபா படித்துப் பார்த்தார். ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் வெளியிட்டார். "இனிமே இந்த பேக்கேஜ் உங்க பேர்ல இருக்கட்டும் சார்" என்றார்.

அன்று மாலை குழந்தைவேலு இனிப்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். என்ன விசேஷம் என்று சுலோச்சனா கேட்டார். "நல்லவங்க கூட இருக்கேன்" என்றார் குழந்தைவேலு.

ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிப்போயிற்று. குழந்தைவேலு பழைய வாசலில் வருகிறவர்கள் யார் யார் என்று ஒவ்வொருவராகத் தேடிக் கண்டுபிடித்தார். போன் போட்டுப் பேசினார். பக்கத்தில் இருந்தால் நேரில் போனார். ஒருவர் தேயிலை ஆலை வாட்ச்மேன், பழைய போன்காரர். இன்னொன்று சர்ச் மணிக்கூண்டில் மாட்டிய விளக்கு. அவர்களும் நாளடைவில் புதுசுக்கு மாறினார்கள். பிறகு கீழ்ப்பாடியிலும் சங்கம் விளக்குகளை மாற்றியது. பவளக்கொடி கூப்பிட்டுச் சொன்னார்: "சார், புது வெளக்கு கண்ணைப் பறிக்குது!"

கடைசியில் பழைய வாசலில் ஒரே ஒருவர் மிஞ்சினார்.

தினமும் விடிகிற நேரத்தில் ஏதோ ஒரு பழைய கருவியிலிருந்து வருவார். ஆனை எங்கே என்று கேட்பார். பதிலை வாங்கிக்கொண்டு போய்விடுவார். அவ்வளவுதான். யார் என்று தெரியவில்லை. குழந்தைவேலு எஸ்டேட் எஸ்டேட்டாக விசாரித்தார். கேத்தனைக் கேட்டார், பால் வண்டிக்காரரைக் கேட்டார். எவருக்கும் தெரியவில்லை. ஆனால் ஒரு நாள்கூடத் தவறாமல் அவர் வந்தார்.

மழை விட்டிருந்த ஒரு காலை. குழந்தைவேலு தன் நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒருவர் வந்துவிட்டுப் போயிருந்தார்.

"இன்னைக்கும் வந்துட்டாருங்க" என்றார். குரலில் சந்தோஷம் இருந்தது.

ஹபீபா சிரித்தார்.

"சலிச்சுப்போய்க் கேக்கலீங்க டீச்சர். தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன். பழைய வாசலை எப்பங்க மூடறது?"

"கடைசி ஆள் வந்துட்டுப் போகட்டும் சார். அவருக்கு நன்றி சொல்லிட்டு மூடலாம்."

குழந்தைவேலு யோசித்தார்.

"அவர்தான் கடைசி ஆளுன்னு நமக்கு எப்படிங்க தெரியும்?"

"தெரியாது" என்றார் ஹபீபா. "அதனாலதான் திறந்து வெச்சிருக்கோம்."